பெல்ஜியத்துக்குப் பதிலாக நூம்பல்

நான் பெல்ஜியத்துக்குப் போனால் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லையாம். விசா மறுத்த கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு வேலப்பன்சாவடி சிக்னலில், மெட்ரோ தூணுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் வண்டியோடு நசுங்கிக்கொண்டு அதையே மறுபடி யோசித்தபோது, அவர்கள் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று தோன்றியது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் செய்துவைத்ததில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சென்னை ஓரத்து நூம்பலில் ஃப்ளாட் வாங்கி, அதன் தவணையைக் கட்டுவதற்காகவே உயிரோடு இருக்கிறேன். இதைத் தவிர எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் சைக்கிள் பந்தயம். ஓட்டுவது இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வயிறு இடிக்கும். பார்ப்பது மட்டும்தான். ஐரோப்பாவில் தொழில்முறை வீரர்கள் நாள் முழுக்க மிதிப்பதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பேன்.

"ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் போறான். இதுல பாக்க என்ன இருக்கு?" என்பாள் என் மனைவி கல்பனா. "ஸ்கூல் விடுற நேரத்துக்குத் தெருமுனையில போய் நில்லுங்க. இதைவிட வேகமா வருதுங்க, பெல்லும் அடிக்குதுங்க."

பெல்ஜியத்தில் வசந்த காலப் பந்தயம் ஒன்றில் கருங்கல் பாவிய ஏற்றம் ஒன்று வரும். சைக்கிள் கடகடவென்று ஆடும், வீரர்களின் பல்லெல்லாம் தந்தியடிக்கும். அந்த ஏற்றத்தின் மூன்றாவது வளைவில், ஒரு மர வேலிக்குப் பக்கத்தில், நான் நிற்கப்போகும் இடத்தைக்கூட வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். கல்பனா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரோட்டைப் பாக்கவா அவ்வளவு தூரம் போறீங்க? நம்ம பின்தெருவுல மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டு ஒரு வருஷமாகுது, அங்க போய் நில்லுங்களேன்" என்றாள்.

விசா வராத துக்கத்தைவிடப் பெரிய துக்கம், அதை நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தது. மேனேஜர் விடுமுறை கொடுத்துவிட்டார். எங்கள் ஃப்ளாட் சங்கச் செயலாளர் சபேசன் சாக்லேட் வகைகளைப் பெயர் சொல்லி ஆர்டரே கொடுத்துவிட்டார். பெல்ஜியத்தில் ஆட்டுவதற்கென்று ஒரு கொடி வேறு வாங்கியாகிவிட்டது. மஞ்சள் நிறம், நடுவில் கறுப்புச் சிங்கம். அந்தப் பக்கத்து ரசிகர்கள் எல்லாரும் இதைத்தான் ஆட்டுவார்கள். லீவை ரத்து செய்துவிட்டு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்போதுதான் அம்பத்தூரில் அந்த பிளெக்ஸ் பேனரைப் பார்த்தேன். பெண்களுக்கான அகில இந்திய சைக்கிள் பந்தயம். மூன்று நாள். முதல் நாள் ஆவடி, இரண்டாம் நாள் பூந்தமல்லி, மூன்றாம் நாள் முடிவது வேலப்பன்சாவடி தாண்டி எங்கள் நூம்பலிலேயே. மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் முதல் இடம். பேனரில் சைக்கிள் படம் ஒன்றுதான் இருந்தது. மிச்ச இடமெல்லாம் வரவேற்பவர்களின் தலைகள்.

சரி, கிளம்பு என்றது மனசு. இதுவும் வெளிநாட்டுப் பயணம்தான். நூம்பலிலிருந்து அம்பத்தூர், அம்பத்தூரிலிருந்து நூம்பல், இதைத் தவிர எட்டு வருஷமாக நான் எந்தப் பக்கமும் போனதில்லை. எனக்கு ஆவடி வெளிநாடுதான்.

முதல் நாள் பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். "உடனே எட்த்துடலாம் சார்" என்றார் ஓட்டுநர். ஷேர் ஆட்டோவில் உடனே என்பதற்கு, இருக்கிற இடத்துக்கு மேல் இன்னும் இருவர் ஏறும் வரை என்று பொருள். ஏறியவர்களில் ஒரு அம்மா மடியில் மீன் கூடை. வண்டி குலுங்கும்போதெல்லாம் கூடை என் மடிக்கு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது. நறுமணத்தோடு ஆவடி தாண்டி, பந்தயம் தொடங்கும் முத்தாபுதுப்பேட்டையில் இறங்கினேன்.

வெளிநாடு போனால் முதலில் உள்ளூர் உணவைச் சாப்பிட வேண்டும் என்பார்கள். டீக்கடையில் ஒரு டீயும், கஜடா என்கிற பொரித்த இனிப்பு உருண்டையும் சாப்பிட்டேன். கஜடா அன்றையதுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். எந்த மாதத்து அன்று என்று நான் கேட்கவில்லை.

கொடியைப் பிரித்துக் கம்பில் மாட்டியதுதான் தாமதம், ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"இது எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல சார். பெல்ஜியம்."

"பெல்ஜியமா? புதுசா கீதே. தலைவர் யாரு?"

தலைவர் இல்லை, அது ஒரு நாடு, இது அங்கே ஒரு பகுதியின் கொடி என்று விளக்கினேன். அவர் சிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "எதுவா இருந்தாலும் பர்மிசன் இல்லாம ஆட்டாத. சாதிக் கொடின்னு எவனாவது நெனைச்சா பேஜாராயிடும்" என்றார். ஐரோப்பாவில் பந்தயப் பாதை முழுக்க ஆடும் கொடியை நான் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

விடிந்த கையோடு தொடங்க வேண்டிய பந்தயம், வெயில் மண்டையைப் பிளக்கும்வரை தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கு இவர் போர்த்தினார். சித்திரை வெயிலில் கம்பளி மாதிரிப் பொன்னாடை. வீராங்கனைகள் பந்தலுக்குக் கீழே தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பஞ்சாபிப் பயிற்சியாளர் தன் பெண்ணிடம் இந்தியில், "காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனி" என்றார். அவள், "மீன் வாடைதான் வருகிறது, காற்று இன்னும் வரவில்லை" என்றாள்.

ஒலிபெருக்கியில் விதிகளைப் படித்தார்கள். பார்வையாளர்கள் யாரும் வீராங்கனைகளைத் தொடக்கூடாது, கைகொடுத்துத் தூக்கக்கூடாது, தள்ளிவிடக்கூடாது. மீறினால் அந்த வீராங்கனை போட்டியிலிருந்து நீக்கப்படுவார். இதை ஆங்கிலத்தில் சொன்னார்கள், இந்தியில் சொன்னார்கள். தமிழில், சிறப்பு விருந்தினரின் கார் வழியை மறித்து நிற்கும் ஆட்டோவை எடுக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் குடையோடு நின்றிருந்தார். பேன்ட்டைக் கரண்டைக்கால் வரை மடித்திருந்தார். கைவிரலெல்லாம் ஊசி குத்திய தழும்பு. ஒருவழியாகப் பந்தயம் தொடங்கி சைக்கிள் கூட்டம் வந்தது. சர்ரென்று ஒரு சத்தம், நிறங்கள், ஒரு வியர்வைக் காற்று, அவ்வளவுதான், போய்விட்டது. அந்த ஒரு நொடிக்குள் அவர் குடையை வீசிவிட்டு, "யாஸ்மீன்! முன்னாடி போம்மா! முன்னாடி போ!" என்று கத்திய கத்தலில் என் காது அடைத்துக்கொண்டது.

"எம் பொண்ணு சார்" என்றார் மூச்சிரைக்க. பெயர் யூசுப் பாய். பூந்தமல்லியில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை. "நல்லா சைக்கிள் மெறிக்கும் சார். இன்னிக்கு இன்னாவோ நடுவுல பூந்துகினு வருது. கால்ல தெம்பு இல்லியா இன்னான்னு தெர்ல."

பல வருஷம் கல்பனாவிடம் சொல்லிச் சொல்லிப் பலிக்காத பிரசங்கத்தை, கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவரிடம் அவிழ்த்துவிட்டேன். முன்னால் போகிறவள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறாள், பின்னால் வருகிறவளுக்குப் பாதி உழைப்பு மிச்சம், கடைசியில் யாரிடம் தெம்பு மிச்சமோ அவள்தான் ஜெயிப்பாள்.

பாய் யோசித்தார். "அப்ப ஓசில போறா மாதிரி ஆச்சே சார்?"

"ஆமா பாய். எவ்வளவு நேரம் ஓசியில போறோம்ங்கிறதுதான் இதுல திறமையே."

"அசிங்கமா கீதே" என்றார். ஆனால் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது.

குடையை எடுத்து விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். யாஸ்மீன் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். லீவு போட்டு லீவு போட்டு, இனி லீவு கேட்டால் வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புனேயிலிருந்து ஒரு கம்பெனி அணியின் மேனேஜர் வந்திருக்கிறார். முதல் மூன்று இடத்துக்குள் வரும் பெண்களை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார். அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குப் போட்டிக்கு அழைத்துப் போவார்.

"மூணுக்குள்ள வந்தா சைக்கிளு. வர்லன்னா விசிலு ஊதிகினு டிரில்லு வாத்தியார்தான். அதுவே சொல்லிட்சு, இதான் கட்சி தபான்னு" என்றார் பாய். கடைசி தபா என்றதும் குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் பாய் தன் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். முன்னால் பெரிய டிபன் கேரியர், பின்னால் நான், இரண்டுக்கும் நடுவில் பாய். அவர் வீட்டம்மா கொடுத்தனுப்பிய இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். பெல்ஜியத்தில் ரசிகர்கள் உருளைக்கிழங்கு வறுவலைக் காகிதக் கூம்பில் வைத்துத் தின்பார்களாம், பாவம்.

வெளிவட்டச் சாலைக்கு ஏறும் இடத்தில் வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. பெட்ரோல் இல்லை. பாய் கொஞ்சமும் பதறவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் லேசாக ஆட்டினார். யாரோ ஒரு பையன் பைக்கில் வந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடது காலை நீட்டி எங்கள் வண்டியின் பின்பக்கத்தில் வைத்தான். மொபெட், பாய், நான், பாயா, எல்லாவற்றையும் ஒற்றைக் காலால் தள்ளிக்கொண்டு போய் பெட்ரோல் பங்க் வாசலில் விட்டான். நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். நம்ம பக்கம் நின்றுபோன எதையும் யாரும் நிற்க விடுவதில்லை. பஸ் நின்றாலும் இறங்கித் தள்ளுவார்கள், அடுத்தவன் கல்யாணம் நின்றாலும் இறங்கித் தள்ளுவார்கள். அன்று அதை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்குப் பாய் சாலையோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நிஜமாகவே கையால் பொத்திக்கொண்டு. யாஸ்மீன் கூட்டத்துக்கு நடுவில் கண்ணுக்கே தெரியாமல் பதுங்கி வந்தாள். கடைசி நேர்ச் சாலையில் திடீரென்று பக்கவாட்டில் பிரிந்து, சீட்டிலிருந்து எழுந்து மிதித்தாளே ஒரு மிதி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டிவியில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் டிவியில் அந்தப் பெண்ணின் மூச்சு கேட்காது.

மொத்தத்தில் மூன்றாம் இடம். நாலாவதாக ஒரு அரியானாப் பெண், கண் இமைக்கும் வித்தியாசத்தில்.

யாஸ்மீன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டாள். கெட்டியான பெண். பேச்சும் அப்படித்தான். "அத்தா, இன்னிக்கு நீ கத்தவே இல்ல. பயந்துட்டேன், ஆளையே காணோமோன்னு."

"இந்த சார்தான் ஓசில போவச் சொன்னாரு" என்று என்னைக் காட்டினார் பாய்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க ரைடரா சார்?"

"இல்லம்மா. ரசிகன்."

அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மரியாதையாக இடியாப்பத்தைப் பார்த்தாள். "நாளைக்கு ஓசி கிடையாது. தனித்தனியா விடுவாங்க. அவங்கவங்க காத்து அவங்கவங்களுக்குத்தான்" என்றாள்.

அன்று மாலையே எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஃப்ளாட் சங்க வாட்ஸ்அப் குழுவில், பந்தயம் நாளை நம் நூம்பலில் முடிகிறது, நம் பூந்தமல்லிப் பெண் மூன்றாம் இடத்தில் இருக்கிறாள், எல்லாரும் வாருங்கள் என்று போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐரோப்பாவில் ரசிகர்கள் எப்படிச் சாலையோரம் திரண்டு வரவேற்பார்கள், வெயில் நாளில் வீரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள் என்றெல்லாம் ஒரு கட்டுரையே எழுதினேன். சபேசன் மூன்று கும்பிடு போட்டு, "ஏற்பாடு செய்கிறோம்" என்றார். என்ன ஏற்பாடு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை நூம்பலைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாழைமரம் கட்டியிருந்தார்கள். பம்பை உடுக்கை வந்திருந்தது. ஆடி மாதம் பால்குடம் எடுக்கும் கோஷ்டியின் தலைவி தேவகியக்கா, மஞ்சள் புடவைக்காரிகள் ஒரு இருபது பேரோடு கடைசி வளைவில் நின்றிருந்தார். எல்லார் இடுப்பிலும் குடம். சபேசன் ஒரு தண்ணீர் லாரியையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"ஐரோப்பாவுல இந்த அளவுக்கு இருக்குமா சார்?" என்றார்.

"சத்தியமா இருக்காது" என்றேன். கல்பனாகூட வந்திருந்தாள். சிங்கக் கொடியை அவள் கையில் கொடுத்தேன். நூம்பலில் அதை யாரும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. அம்மன் சிங்கம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

வீராங்கனைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். வளைவில் சாய்ந்து திரும்பி, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த முடிவுக் கோட்டைக் கடந்தார்கள். அங்கே ஒரு பெரிய பலகையில் நேரம் ஓடியது. அரியானாப் பெண் வந்து முடித்தாள். நல்ல நேரம். யாஸ்மீன் எந்த எண்ணுக்குள் கோட்டைத் தொட்டால் மூன்றாம் இடம் அவளுக்கு என்பதை புனே மேனேஜர் பாயிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். பாய் அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

தூரத்தில் முன்னால் வரும் மோட்டார் சைக்கிளின் சைரன் கேட்டது. "நம்ம பொண்ணு வருது!" என்று மைக்கில் கத்தினார் சபேசன். பம்பை அடித்தார்கள். தேவகியக்கா கோஷ்டி ஒரே குரலில் குலவையிட்டு, தார் கொதிக்கும் அந்த வளைவில், தூரத்திலிருந்து வரும் பிள்ளையின் கால் சுடக்கூடாதே என்று, குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைச் சாலையில் ஊற்றினார்கள். லாரிக்காரர் தன் பங்குக்குக் குழாயைத் திறந்துவிட்டார்.

அசலூர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் காய்ந்த சாலை. நம்ம பெண்ணுக்கு மட்டும் ஈரம்.

"ஊத்தாதீங்க! ஐயோ, ஊத்தாதீங்க!" என்று நான் கத்தினேன். பம்பைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாஸ்மீன் வளைவில் சாய்ந்தாள். முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. அவளும் சைக்கிளும் மஞ்சள் தண்ணீரில் சறுக்கிக்கொண்டே போய் வாழைமரத்தடியில் நின்றார்கள்.

பம்பை நின்றது. அடுத்த நொடி நூம்பலே ஓடியது. "தூக்கு தூக்கு!" "சோடா கொண்டா!" "செயினு கயண்ட்கினு கீது, ஒரு தள்ளு தள்ளுனா போய்டும்!" ஒருவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து இடது காலை நீட்டியே விட்டார். எல்லார் முகத்திலும் அவ்வளவு பாசம். எனக்கு ஒலிபெருக்கியின் ஆங்கிலமும் இந்தியும் மண்டைக்குள் ஓடியது. தொட்டால் நீக்கம். தள்ளினால் நீக்கம்.

நான் வாழ்க்கையில் ஓடியதே இல்லை. அன்று ஓடினேன். நடுவில் போய்க் கையை விரித்து, "யாரும் தொடாதீங்க! தொட்டா பொண்ணு அவுட்டு!" என்று அலறினேன்.

"இன்னாய்யா மனுசன் நீ?" என்றார் தேவகியக்கா. "கொயந்த ரத்தம் ஊத்திகினு கீது, தொடாதன்றே? நீயெல்லாம் பெத்தவனா?"

"ரூலு அக்கா, ரூலு!"

"உன் ரூல்ல தீய வெய்க்க!"

ஆனாலும் நின்றார்கள். ஒரு அடி தூரத்தில், நீட்டிய கை நீட்டியபடி. நிற்காதவர் ஒருவர்தான். குடையை எறிந்துவிட்டு யூசுப் பாய் வந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் விதியும் இல்லை, மேனேஜரும் இல்லை. நான் அவரை முன்பக்கமாகக் கட்டிப் பிடித்தேன்.

"உடு சார்! எம் பொண்ணு சார்!"

"உங்க பொண்ணுதான் பாய். அதனாலதான் புடிச்சிருக்கேன்."

சீட் கவர் தைத்த கை. இரும்பு. என் முதுகில் ஒரு குத்து விட்டார். இன்னொன்று விட்டார். பின்னாலிருந்து யாஸ்மீனின் குரல் கேட்டது. "அத்தா, வராத! அங்கேயே நில்லு! கத்து!"

பாய் கத்தினார். "முன்னாடி போம்மா! முன்னாடி போ!" என் காதுக்குள், என் தோளை நனைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார். நான் முடிவுக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரை இறுக்கிப் பிடித்திருந்தேன். எத்தனையோ வருஷமாக நேரில் பார்க்க ஏங்கிய ஒரு பந்தய முடிவு என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாயின் சட்டை. ரெக்ஸின் வாசனையும் பாயா வாசனையும் அடித்தது. பிறகு ஊரே ஓவென்று கத்தியது. பாய் மொத்தமாக என் மேல் சரிந்தார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் அந்த கனத்தைத் தாங்கிக்கொண்டு நின்றேன்.

"என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்!"

சொன்னவள் கல்பனா. ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் போறான், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டவள். கொடி கையில் தலைகீழாக இருந்தது, கண்ணெல்லாம் தண்ணீர். "செயினை மாட்டவே இல்லங்க அவ. நேரமில்லன்னு சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடினா. முழங்கால்ல ரத்தம். அந்த ஷூவுக்கு அடியில ஏதோ இரும்பு இருக்குமாமே, டக்கு டக்குன்னு வழுக்குது. கோட்டுக்கு முன்னாடி இன்னொரு தடவை விழப்பாத்தா. விழல. பலகையில நம்பர் மாறுறதுக்குள்ள தாண்டிட்டா. மூணாவது. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது.

பாய் என்னை விட்டு விலகி, என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "ரொம்ப வலிச்சிதா சார்?" என்றார். மூன்று நாள் எனக்கு நிமிர முடியவில்லை என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அதற்குள் தேவகியக்கா, தடை நீங்கிவிட்டதென்று உறுதி செய்துகொண்டு, யாஸ்மீனின் முழங்காலில் மஞ்சளை அப்பிக்கொண்டிருந்தார். புனே மேனேஜர் ஆங்கிலத்தில், "விழுந்தும் எழுந்து ஓடியவள் எனக்கு வேண்டும். ஆனால் இந்தத் தண்ணீரை எதற்காக ஊற்றினார்கள்?" என்று கேட்டார். "மரியாதைக்கு" என்று மொழிபெயர்த்தேன். சபேசன் பெருமையாகத் தலையசைத்தார்.

சில மாதம் கழித்து யாஸ்மீன் பாயின் கடைக்கு என்னை வரச் சொன்னாள். அடுத்த வசந்தத்தில் அணி பெல்ஜியம் போகிறது. விசா விவரத்தில் எனக்கு அனுபவம் உண்டு என்று அவளுடைய அத்தா சொன்னாராம். எப்படிப்பட்ட அனுபவம் என்பதையும் சொல்லியிருப்பார். ஆனாலும் கேட்டாள். கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். முடித்ததும், நான் நிற்பதாக இருந்த இடம் எது என்று கேட்டாள். செல்போனில் அந்த ஏற்றத்தை எடுத்து, மூன்றாவது வளைவு, மர வேலி, எல்லாம் காட்டினேன். பெண்கள் பந்தயமும் அதே வழிதான்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்த வளைவுல யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்கல்ல சார்?"

"மாட்டாங்கம்மா. அங்க நம்ம ஆளுங்க யாரும் கிடையாது" என்றேன்.

சிரிப்பாள் என்றுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பாயும் எங்களையே பார்த்தார்.

மறுநாளே நான் விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்தேன். போன தடவை ஒருவன், இந்தத் தடவை யூசுப் பாயையும் சேர்த்து இருவர். அவரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் போன முறை சுற்றுலா என்று போட்டேன், அவர்கள் நம்பவில்லை. இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்: எங்கள் ஊர்ப் பெண் விழுந்தால், யாரும் தொடாமல் பக்கத்தில் நிற்பதற்கு.